காயா மரம் அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

காயா வைத்தவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: “இது உயிரோடதான் இருக்கா?” நட்டு எட்டு மாதம் ஆகியிருக்கும். வாங்கி வந்தபோது இருந்த அதே பத்து இலை. கூடவே வைத்த முருங்கை மொட்டைமாடிக் கைப்பிடியைத் தொட்டிருக்கும்.

கேள்வி நியாயமானதுதான். காயா நம் கரையோரத்துச் சொந்த மரம். காசா, காசான் என்றும் சொல்வார்கள்; பழம்பாட்டுகளில் பூவை என்றும் வரும். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் போனால் பெரிய மரங்களுக்கு அடியில், கொடிகளுக்கு நடுவே இதைப் பார்க்கலாம். மேலே இருப்பவர் விட்ட வெயிலை வாங்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வளரும் சாதி. பூக்கும்போது மட்டும் கதை வேறு. இலை உதிர்ந்த கொம்பின் கணுக்களில் கொத்துக் கொத்தாக நீலம் வெடிக்கும். மயில் கழுத்து என்று அந்தக் காலத்தில் சொன்னார்களே, அதே நிறம். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்பது இதை வைத்துத்தான்.

2018இல் ஒரே தாய்மரத்துப் பழங்களிலிருந்து கொஞ்சம் கன்று எழுப்பினேன். புதுச்சேரி கோரிமேட்டில் எங்கள் வீட்டுச் செம்மண்ணில் சில, பாகூரில் மச்சான் வீட்டுக் களிமண்ணில் சில, கடலூர் தேவனாம்பட்டினத்தில் சித்தி வீட்டுக் கடல்மணலில் சில. தாய் ஒன்று, வயது ஒன்று. ஆனால் மூன்று ஊரிலும் மூன்று விதமான தொல்லை. அதனால் யார் கேட்டாலும் இலையைப் பார்ப்பதற்கு முன்னால் “எந்த ஊர் மண்ணு?” என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

நட்டது நட்டபடி நிற்கிறது

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டில் விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். இலை தடித்து, தோல்போல விறைப்பாக இருந்தால் கவலை இல்லை. எங்கள் வீட்டு மரம் முதல் 2 வருடம் ஒரு சாண்கூட ஏறவில்லை. 7 வருடம் கழித்து இன்றைக்கு என் தோள் உயரம். மண்ணுக்கு மேலே ஒன்றும் நடக்காத காலத்தில் கீழே வேர் இறங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது மழைக்காலமும் தாண்டி ஒரு புதுக் கிளைகூட வரவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது நான் முதலில் பார்ப்பது வேரை. நர்சரியில் கவரிலேயே 2 வருடம், 3 வருடம் கிடந்த கன்று என்றால் வேர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியிருக்கும். மச்சான் வீட்டில் நான் கொடுத்தவை போக அவராக வாங்கி வைத்த ஒரு கன்றும் இருந்தது. 4 வருடம் கழித்து அதைத் தோண்டிப் பார்த்தோம். பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நார் உருண்டை மாதிரி, கவரின் வடிவம் மாறாமல் அப்படியே இருந்தது வேர். கவரின் அடிப்பாகத்தைக்கூட யாரோ கிழிக்காமல் புதைத்திருக்கிறார்கள். யார் என்று மச்சான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இதற்கு வைத்தியம்: ஐப்பசி மழை பிடித்த பிறகு, வெயில் இல்லாத நாளில் கன்றை மண்ணோடு எடுங்கள். உருண்டையின் பக்கவாட்டில் 3, 4 இடத்தில் கத்தியால் மேலிருந்து கீழாகக் கீறுங்கள். அடியில் சுருண்டு கிடப்பதை நறுக்கிவிட்டு மறுபடி நடுங்கள். இலையில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளிவிட்டால் வேருக்குப் பாரம் குறையும். புதுக் கன்று நடும்போதே இதைச் செய்துவிட்டால் 4 வருடம் மிச்சம்.

வேர் சரியாக இருந்தால் இன்னும் இரண்டு காரணம் பாருங்கள். ஒன்று, கழுத்துவரை மண்ணில் புதைத்து நட்டிருப்பது. கவரில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் குழியிலும் இருக்க வேண்டும். இன்னொன்று, தண்டை ஒட்டி வளரும் கோரையும் அருகும். தண்டைச் சுற்றி ஒன்றரை அடிக்குப் புல்லை எடுத்துவிட்டுச் சருகைக் கனமாகப் பரப்புங்கள். சருகு தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். வேகமாக வளரட்டும் என்று யூரியா போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன். வந்தது நான்கு நீளமான நோஞ்சான் கொம்பு, அதன் மேல் மாவுப்பூச்சி.

விதை முளைக்கவில்லை

பழத்தைக் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்தீர்களா? முடிந்தது. வெண்டை, கத்தரி விதை மாதிரி இதைச் சேர்த்து வைக்க முடியாது. நன்றாகக் கறுத்த பழமாக எடுத்து, சதையைத் தண்ணீரில் பிசைந்து கழுவி, ஓரிரு நாளுக்குள் விதைத்துவிட வேண்டும். ஒரு பழத்தில் பெரும்பாலும் ஒரே விதைதான். செம்மண்ணும் மக்கிய இலையும் கலந்து, அரை விரற்கடை ஆழத்தில் போட்டு, நிழலில் ஈரம் காயாமல் வைத்துக்கொள்ளுங்கள். முளை வர வாரக்கணக்கில் ஆகும். நடுவில் தோண்டித் தோண்டிப் பார்ப்பதுதான் பாதி விதையைக் கொல்கிறது. கோயில் காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கி வரலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஐயனார் விடுவாரோ இல்லையோ, ஆழமாக ஓடிய வேர் பாதியில் அறுந்து பத்துக்கு ஒன்பது பட்டுப்போகும்.

இலை ஓரம் கருகுகிறது

இதில் இரண்டு நோய் ஒரே முகத்தோடு வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

மேற்குப் பக்கத்து இலை மட்டும் காகிதம் தீய்ந்தாற்போல் நடுவிலும் ஓரத்திலும் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தால் அது சாயங்கால வெயில். பக்கத்தில் வெள்ளையடித்த மதில் இருந்தால் சூடு இரட்டிப்பாகும். முதல் 2 கோடைக்கு மேற்கில் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து நட்டுவைத்தால் போதும். அப்புறம் அதுவே தாங்கிக்கொள்ளும்.

எல்லாப் பக்கமும் கருகி, அதிலும் முதிர்ந்த இலையின் நுனியில் ஆரம்பித்து ஓரமாகப் பரவினால் தண்ணீர்தான் காரணம். சித்தி வீட்டில் இதுதான் நடந்தது. “டேய், தினம் ரெண்டு குடம் ஊத்துறேன், அது என்னடான்னா கருகிக்கிட்டே போகுது” என்றார். கடற்கரையை ஒட்டிய ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறியிருப்பது புதிய செய்தி இல்லை. அவர் வீட்டு எவர்சில்வர் குடத்தின் வெளிப்பக்கம் வழிந்து காய்ந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு. அந்தத் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்துக் கறுப்புக் கடப்பாக் கல்லில் விட்டு வெயிலில் காயவைத்தோம். அரை மணி நேரத்தில் மாவு தூவினாற்போல் வளையம். கோரிமேட்டுத் தண்ணீரையும் பக்கத்தில் விட்டிருந்தேன். அதில் ஒரு மெல்லிய கறை மட்டும்.

உப்புத் தண்ணீர் ஒன்றுதான் இருக்கிறது என்றால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் மோசம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒருமுறை குளிரக் குளிர ஊற்றுங்கள். மணலில் அது கீழே இறங்கும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். மண்மேல் சருகு மூடாக்கு அவசியம். அரிசி களைந்த தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாவற்றையும் இதற்குத் திருப்பிவிடலாம். ஏ.சி. தண்ணீரில் உப்பே கிடையாது. சித்தி இப்போது அதற்கென்று ஒரு பக்கெட் வைத்திருக்கிறார். வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் நன்றாகப் பெய்கிற வருடத்தில் மண் தானாகவே கழுவப்பட்டுவிடும். தை மாதத்துத் துளிரைப் பார்த்தாலே தெரியும்.

இலை வெளுத்து மஞ்சளாகிறது

அடியில் இருக்கும் பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுந்தால் அதை விட்டுவிடுங்கள். காயா இலை காய்ந்தாலே மஞ்சள் பூக்கும். இந்த இலையைக் காய்ச்சிப் பாய்க்கோரைக்கும் துணிக்கும் மஞ்சள் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். மண்ணிலிருக்கும் அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் மரம் இது. சாயம் துணியில் பிடிக்கப் படிகாரம் போடுவார்களே, அந்த வேலையை இலையே செய்துவிடும்.

நோய் என்பது புதுத் துளிர் வெளிறிவந்து, முதிர்ந்த பிறகும் பச்சை ஏறாமலே இருப்பது. மற்றச் செடியில் என்றால் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருக்கும், இரும்புச்சத்துக் குறைவு என்று உடனே சொல்லிவிடலாம். காயாவில் நரம்பே வெளியே சரியாகத் தெரியாது. அதனால் இலை மொத்தமும் பழைய பிளாஸ்டிக் போல வெளுத்ததாகத்தான் கண்ணுக்குப் படும். இதை வைரஸ் என்று மருந்து விற்றவர்களும் உண்டு.

நான் செய்யும் சோதனை: மரத்தடியில் அரை அடி ஆழத்திலிருந்து ஒரு கை மண் எடுத்து, அதன்மேல் கொஞ்சம் வினிகர் விடுவது. எங்கள் வீட்டிலேயே மதிலோரத்தில் வைத்த ஒரு கன்று இப்படித்தான் வெளுத்தது. வாசல் பக்கத்து மண்ணில் வினிகர் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. மதிலோர மண்ணில் விட்டதும் சோடா திறந்தாற்போல் ‘சுர்’ரென்று நுரைத்தது. வீடு கட்டியபோது கொட்டிய இடிபாடு, பூச்சுக்கலவை, சிமெண்ட் சில்லு எல்லாம் அங்கேதான் புதைந்திருக்கிறது. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

காயா விரும்புவது இதற்கு நேர் எதிரான மண். கடலூர் மணற்பாறை என்று நிலவியலார் பெயர் வைத்த செம்பாறை உண்டு. கடலூர் கேப்பர் மலையும் திருவக்கரைக் கல்மரங்கள் கிடக்கும் இடமும் அதுதான். அது உதிர்ந்து உண்டான இரும்புச்சிவப்பு மண்ணில் இந்த மரத்துக்கு ஒரு குறையும் வராது.

உடனடி மருந்து அன்னபேதி, அதாவது இரும்பு சல்ஃபேட் உப்பு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூட அரை எலுமிச்சம்பழச் சாறு. சாயங்காலத்தில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். 2 வாரம் கழித்து இன்னொரு முறை. வெள்ளைச் சுவரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருக்கறை போகவே போகாது. இது முகப்பூச்சு மாதிரிதான். உண்மையான தீர்வு, சுற்றிலும் 2 அடிக்குக் கல்லையும் காரையையும் பொறுக்கி எடுத்துவிட்டுச் செம்மண்ணும் மக்கிய இலையும் நிரப்புவது. கன்று சின்னதாக இருந்தால் இடத்தையே மாற்றிவிடுங்கள். நான் மாற்றினேன்.

தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடுகிறது

பாகூர் நோய். களிமண்ணில் வேர் மூச்சுமுட்டுகிறது. ஒன்றரை அடிக் குழி எடுத்து, ராத்திரி தண்ணீர் நிரப்பி, காலையில் பாருங்கள். தண்ணீர் இன்னும் தேங்கி நின்றால் குழியே வேண்டாம். ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, மறுநாளும் விடாமல் கொட்டியபோது மச்சான் தோட்டத்தில் நாள்கணக்கில் கணுக்கால் தண்ணீர். மேட்டில் இருந்த இரண்டும் பிழைத்தன. பள்ளத்தில் இருந்த ஒன்று இலையெல்லாம் கொட்டிவிட்டது. “போயிடுச்சு மாப்பிள்ளை” என்றார். பிடுங்காதீர்கள், பங்குனி வரை பொறுங்கள் என்றேன். அடித்தண்டில் இரண்டு துளிர் வந்தது. அப்புறம் சித்திரை வெயிலில் அதுவும் போனது. சொல்லிவிடுகிறேன், எல்லாம் பிழைப்பதில்லை.

இலைமேல் கரி பூசினாற்போல் இருக்கிறது

விரலால் தேய்த்தால் கறுப்பு வந்துவிடும். கரும்பூஞ்சை அது, மரத்தைத் தின்பதில்லை. மேலே எங்கேயோ செதில்பூச்சியோ மாவுப்பூச்சியோ உட்கார்ந்து சாறு உறிஞ்சி இனிப்பாக ஒழுகவிடுகிறது, அதன்மேல் பூஞ்சை வளர்கிறது. எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்தால் பூச்சியிடமே கொண்டுபோய் விடும். பழந்துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கொம்பைத் துடைத்துவிடுங்கள். நிறைய இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில். பூ இருக்கும் நேரத்தில் அதுவும் கூடாது.

இலையில் அங்கங்கே ஓட்டை, ஓரத்தில் கடித்த தடம் என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். பூச்சிக்கும் பறவைக்கும் என்றுதானே இந்த மரத்தை வைத்தீர்கள்? புழு தின்றால்தான் புழு தின்ன வரும் குருவியும் வரும்.

பூக்கவே இல்லை

வயதைக் கேட்பேன். விதைக்கன்று என்றால் 5, 6 வருடம் ஆகவில்லை என்றால் பேச்சே இல்லை. அதற்கு மேலும் பூக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் கத்தரிக்கோல்மேல். தோட்டம் பார்க்க வருபவர் எல்லாச் செடியையும் ஒரே மாதிரி டிரிம் செய்துவிட்டுப் போவார். காயா பூப்பது நுனித் துளிரில் இல்லை, போன வருடத்து, அதற்கும் முந்தைய கொம்பின் கணுக்களில். மாதம் ஒருமுறை வெட்டினால் கொம்பு முதிரவே விடுவதில்லை. வெட்டியே ஆக வேண்டும் என்றால் பழம் முடிந்த கையோடு ஒரே ஒருமுறை வெட்டுங்கள். காய்ந்ததும் குறுக்கே ஓடியதும் போதும்.

இரண்டாவது காரணம் நிழல் கூடிப்போவது. நிழல் தாங்கும் மரம் என்றதும் மாமரத்துக்கு நேர் கீழே, நடுப்பகலிலும் இருட்டாக இருக்கும் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். பிழைத்திருக்கும், ஆனால் பூக்காது. தரையில் வெயில் காசு காசாக விழ வேண்டும், அல்லது காலை வெயில் 3, 4 மணி நேரம் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, ஓயாத சொட்டுநீர். மழை ஓய்ந்து பங்குனிவரை மண் காய்ந்து கிடந்து, அதன்பின் ஒரு கோடை மழை விழுந்தால் மொட்டு கட்டும். எங்கள் வீட்டில் தை முடிந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுவேன். மரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கும். போன வருடம் முதல் கோடை மழைக்கு அப்புறம் ஒருநாள் காலையில் காபியோடு வாசலுக்குப் போனால், தண்டிலிருந்து ஓர் அடிக்குக் கொம்பே தெரியவில்லை. குண்டூசித் தலை அளவு மொட்டு, நாலு இதழ் விரித்த பூ, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நீல மகரந்தக் காம்பு. அதற்குள் ஒரு கருவண்டு வந்து கொம்பையே ஆட்டிக்கொண்டிருந்தது. 3, 4 நாளில் எல்லாம் உதிர்ந்து தரை நீலமாகிவிட்டது. வெளியூர் போயிருந்தால் பூத்ததே தெரிந்திருக்காது. “பூக்கவே இல்லை” என்று சொல்பவர்களில் சிலர் அந்த 4 நாளைத் தவறவிட்டவர்கள்.

பூத்தது, பழம் இல்லை

தேனீ வரவில்லை. பக்கத்து மாடியில் கொசுமருந்துப் புகை அடிக்கிறார்களா, நீங்களே ரோஜாவுக்கு எதையாவது தெளித்தீர்களா என்று பாருங்கள். இரண்டு மரம் பக்கம் பக்கமாக இருந்தால் காய்ப்பு கூடுகிறது என்பது என் அனுபவம். பழம் மிளகைவிடச் சற்றுப் பெரிது, கறுத்திருக்கும், தலையில் ஒரு சின்னக் கிரீடம். சிறுபிள்ளைகள் தின்பார்கள், கொஞ்சம் துவர்க்கும். காலையில் எண்ணிவைத்த பழம் மாலையில் காணவில்லை என்றால் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் கண்டுபிடித்துவிட்டன என்று அர்த்தம். அதற்கு வலை கட்ட வேண்டாம்.

காற்றில் சாய்ந்துவிட்டது

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிப் பலாவையும் முந்திரியையும் பெயர்த்துப் போட்டதைப் பார்த்த நமக்கு, சாய்ந்த மரம் என்றாலே நெஞ்சு திக்கென்கும். காயா குட்டை மரம், கட்டை இரும்பு மாதிரி, லேசில் ஒடியாது. சாய்ந்தது என்றால் பெரும்பாலும் முதலில் சொன்ன சுருட்டை வேர்தான் காரணம். மண் ஈரமாக இருக்கும்போதே மெல்ல நிமிர்த்தி, மிதித்து இறுக்கி, மூன்று பக்கமும் முளையடித்துப் பழைய சைக்கிள் டியூபால் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு வருடத்தில் அவிழ்த்துவிடுங்கள். மறந்துவிட்டால் டியூபைத் தண்டு விழுங்கிவிடும்.

நீலப் பூவுக்குப் பதில் வெள்ளைப் பூ வந்தது

இதற்கு வைத்தியம் கிடையாது. அது காயாவே இல்லை. முத்தியால்பேட்டையில் ஒருவர் 5 வருடம் கண்ணும் கருத்துமாக வளர்த்த ‘காயா’ மணக்க மணக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். சுளுந்து. இட்லிப்பூவின் காட்டுச் சொந்தம், காயா வளரும் அதே காட்டு மரம்தான். விற்றவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. வாங்கும்போதே எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைக்காம்புக்கும் நடுவே தண்டைப் பாருங்கள். அங்கே சின்னதாக, கூராக ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது இட்லிப்பூக் குடும்பம். காயாவில் அந்த இடம் மொழுக்கென்று இருக்கும். இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் சுளுந்தின் பக்க நரம்புகளை எண்ணிவிடலாம், காயாவில் நடு நரம்பு ஒன்றுதான் ஒழுங்காகத் தெரியும்.

“வெட்டிடட்டுமா சார்?” என்று கேட்டார். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கிழக்கே சாய்வாக நல்ல நிழல் விட்டிருந்தது. வெட்ட வேண்டாம் என்றேன். அடுத்த ஆவணியில் கவர் கிழித்து, வேர் பிரித்து, ஒரு காயாக் கன்றை அதன் நிழலிலேயே நட்டுவிட்டு வந்தேன். போன வாரம் படம் அனுப்பியிருந்தார். அதே பத்து இலை. கீழே ஒரு கேள்வி: “இது உயிரோடதான் இருக்கா?”